டெல்ஃபினா பார்க்காத ஜாடி

இலோயிலோ நகரின் லா பாஸ் சந்தையில் டெல்ஃபினா, பாச்சோய் என்னும் நூடுல்ஸ் சாறு விற்கும் கடை வைத்திருக்கிறாள். பன்றி ஈரலை மெல்லிசாக நறுக்கி, நூடுல்ஸ் மேல் போட்டு, கொதிக்கும் சாறை ஊற்றுவாள். அப்படிப்பட்டவள் புருஷனின் ஈரல் துண்டைப் பார்க்கப் பயந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? பக்கத்தில் வெங்காயம் விற்கும் எனக்கு மட்டும்தான் அது தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அவள் புருஷன் க்ரிஸ்பின் ஜீப்னி என்னும் பயணிகள் வண்டி ஓட்டுபவன். அவனுக்குக் குடலில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவியது. வயிற்றைக் கிழிக்காமல், சின்னத் துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, ஈரலில் கட்டி இருந்த துண்டை எடுத்தார்கள். எடுத்ததை ஜாடியில் போட்டு, பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி வீட்டாரிடமே கொடுப்பது இங்கே வழக்கம். டெல்ஃபினா அதைக் கறுப்புப் பையில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டே கொண்டுபோனாள்.

க்ரிஸ்பின் சீக்கிரமே வீடு திரும்பினான். தழும்புகள் சின்னதாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று. "இந்த ஓட்டை வழியா என்னத்த முழுசா எடுத்திருப்பாங்க?" என்பான். உட்காரமாட்டான், தூங்கமாட்டான். கழுவிய ஜீப்னியையே மறுபடி கழுவுவான். பிறகு கடைக்கு வருவான்.

"டெல்ஃபி, ஜாடியில எவ்வளவு பெரிசா இருந்துச்சு?"

"கைமுட்டி அளவு."

மறுநாள் கேட்டால் எலுமிச்சை அளவு என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். பொய்யையாவது ஒழுங்காகச் சொல்லக்கூடாதா?

அடுத்த ஸ்கேனில் ஈரலில் இன்னொரு புள்ளி தெரிந்தது. நானும் கூடப் போயிருந்தேன். டெல்ஃபினா டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டாள். "நான் அன்னிக்கு ஜாடியைப் பார்க்கவே இல்ல. பார்த்திருந்தா மிச்சம் இருக்கான்னு கேட்டிருப்பேன்."

"பார்த்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதும்மா. அன்னிக்கு இருந்ததை முழுசா எடுத்தாச்சு. இது புதுசு, வேற இடம். போன தடவை பெரிசா கிழிக்கலை, அதனால உள்ளே குடலும் ஈரலும் தழும்பாகி ரொம்ப ஒட்டிப்போயிருக்காது. இதையும் துளை வழியாவே எடுக்கப் பார்க்கலாம். திரும்ப வராதுன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் க்ரிஸ்பின் சொன்னான். "நீ பார்க்கலன்னு எனக்கு அப்பவே தெரியும். கைமுட்டி எப்படி எலுமிச்சையாகும்?"

"அப்புறம் ஏன்யா என்னைத் துளைச்சு எடுத்த?"

"போயிடுச்சுன்னு உன் வாயால கேக்கத்தான். இந்தத் தடவை பாத்துட்டு வந்து சொல்லு."

இரண்டாவது முறையும் ஜாடி அவள் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரி நடையிலேயே நின்று, பையை விலக்கி, நன்றாகப் பார்த்தாள். அவன் கண் விழித்ததும் கட்டைவிரலைக் காட்டினாள். "இவ்வளவு இருந்துச்சு. போயிடுச்சு." அவன் எத்தனையோ மாதம் கழித்துக் குறட்டைவிட்டுத் தூங்கினான்.

அவன் வீட்டுக்கு வந்தபின் டெல்ஃபினா கடை திறந்தாள். ஈரலைப் பலகையில் வைத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கத்தியை என்னிடம் நீட்டினாள்.

"இன்னிக்கு நீ நறுக்கிக் குடு."