ஒட்டாத எலும்போடு தஞ்சாவூருக்கு

மணிக்கட்டு முறிந்து ஒட்டாமல், அறுவை சிகிச்சைக்காகத் தஞ்சாவூர் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது எழுபதுகளில், குத்தகை நிலத்துக்காக ஊருக்கு ஊர் தகராறு நடந்த ஓர் ஆவணியில். நோயாளி என் அக்கா கமலா.

அத்தான் இறந்தபின் ஒன்றரை ஏக்கர் குத்தகை அக்கா பெயருக்கு வந்திருந்தது. முந்தின ஐப்பசி மழையில் வரப்பில் வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தாள். நாட்டு வைத்தியர் நாற்பது நாள் கட்டுப் போட்டார். வீக்கம் வடிந்தது, வலி போகவில்லை. பத்து மாதமாகியும் அரிவாள் பிடிக்கவே முடியவில்லை. நிலச்சொந்தக்காரரின் காரியஸ்தர் அதைக் கவனித்துவிட்டார்.

“உழைக்கிறவங்களுக்குத்தான் குத்தகை உரிமைன்னு சட்டம். சம்பா நடவுக்கு உன் வீட்டு ஆள் வயல்ல இறங்கலன்னா தாசில்தாருக்கு எழுதிடுவோம்” என்றார்.

மன்னார்குடியில் காலை ஐந்து நாற்பதுக்கு பஸ். வடுவூர் வழியாக முப்பத்தெட்டு கிலோமீட்டர். டிக்கெட் ஒன்றரை ரூபாய் என்று நினைவு. ஏழு மணிக்குத் தஞ்சாவூரில் இறங்கினோம். (எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் குடித்த காபியின் ருசிகூட இன்னும் நாக்கில் இருக்கிறது.) குதிரை வண்டிக்காரர் அக்கா கையைப் பார்த்துவிட்டு, “சாஞ்சு உக்காருங்கம்மா, பள்ளம் பாத்து ஓட்டுறேன்” என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். முந்திரிப்பருப்பு அளவு எலும்பு, இரண்டு துண்டாக இருந்தது.

“இதுக்கு ரத்தம் ஒரு பக்கத்துலேருந்துதான் வரும். நடுவுல முறிஞ்சா மறுபக்கத்துக்குப் போய்ச் சேராது.”

“கடைமடை வயல் மாதிரிங்களா?” என்றாள் அக்கா.

டாக்டர் சிரித்தார். “அதேதாம்மா. இடுப்பெலும்புலேருந்து கொஞ்சம் எடுத்து நடுவுல வைப்போம். மூணு மாசம் மாவுக்கட்டு. சேத்துல கையே வைக்கக்கூடாது.”

மூன்று மாதம் என்றால் நடவு போய்விடும். அக்கா வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். என்னைப் படிக்கவைக்கவேண்டும் என்று வயல் பக்கமே விடாதவள், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: “நீ இறங்குவியா?”

மறுநாள் அறுவை சிகிச்சை நடந்தது. பத்து நாள் வார்டில் இருந்தோம். புரட்டாசி கடைசியில் நான் நடவு ஆட்களோடு சேற்றில் இறங்கினேன். என் வரிசை மட்டும் கோணல். நடவுப் பெண்கள் சிரித்துக்கொண்டே பின்னால் வந்து சரிசெய்தார்கள். காரியஸ்தர் வந்து, “இது யாரு?” என்றார். வரப்பில் மாவுக்கட்டோடு நின்ற அக்கா, “என் தங்கச்சிங்க. என் வீட்டு ஆளு” என்றாள். அவர் வந்த வரப்பிலேயே திரும்பிப் போனார். தாசில்தாரிடமிருந்து எந்தக் கடிதமும் வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கை ஊன்றி விழுந்தபின் கட்டைவிரலின் அடிக்குழியை அழுத்தினால் வலிக்கிறதா? அப்படியென்றால் முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும், இரண்டு வாரத்தில் மறுபடி எடுக்கவேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இப்போது திருகாணி வைத்தும் பொருத்துகிறார்கள். கையில்தானே ஆபரேஷன் என்று தனியாகப் போகாதீர்கள். எலும்பு எடுத்த இடுப்பு சில நாள் எழுந்திருக்க விடாது.

கார்த்திகையில் கட்டுப் பிரித்தார்கள். எலும்பு ஒட்டியிருந்தது. கை மெலிந்து, வெளுத்து, வேறு யாருடையதோ போல இருந்தது. “கனமா எதையும் தூக்காதீங்க, மெதுவாப் பழக்குங்க” என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தது. உட்காரச் சொன்னேன், அக்கா கேட்கவில்லை. இடது கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை மேல்கம்பியில் ஒவ்வொன்றாக மடக்கி, வடுவூர் தாண்டும்வரை நின்றே வந்தாள்.