மேகம் பார்த்துவிட்டு டீ குடித்தவர்

மாண்டலேயில் நிலம் குலுங்கியதே, அதற்கு அடுத்து வந்த மழைக்காலம். ஆலைகள் நிறைந்த எங்கள் லைங் தாயா பகுதியில், டீக்கடையில் வயதான சீனர் ஒருவர் என் எதிரே உட்காருவார். அவர் மகனுக்கு அங்கே தையல் ஆலையில் வேலை. பெரியவரின் விரலெல்லாம் தீத்தழும்பு. மேகத்தைப் பார்க்காமல் டீயைத் தொடமாட்டார். வானிலைச் செயற்கைக்கோள் ஏற்றிப்போன ராக்கெட்டுக்கு வெல்டிங் செய்தவராம். அந்த ராக்கெட்டுக்கும் எப்போதோ ஓய்வு கொடுத்துவிட்டார்களாம்.

"நர்கிஸ் புயலை உங்க செயற்கைக்கோள் பாத்துச்சாண்ணே?" என்றேன். என் தங்கை குடும்பத்தோடு செத்துப்போனது 2008-இல் வந்த அந்தப் புயலில்தான்.

அரைகுறை பர்மியில் சொன்னார்: "நாங்க அனுப்புனது அதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு. பின்னால போனதுங்க பாத்துச்சு."

"பாத்தும் என் தங்கச்சிகிட்ட யாரும் சொல்லலையே."

"மன்னிச்சிடு தம்பி," என்று தலைகுனிந்தார். அன்று மேகம் பார்க்காமலே குடித்தார். அப்புறம் வரவேயில்லை.

புயல் வருகிறதென்று எங்களுக்குச் சொல்லவேண்டிய ஆட்சியாளர்கள் யாரும் இன்றுவரை தலைகுனியவில்லை. இவரைக் குனியவைத்தது எனக்குக் கூசுகிறது. எங்கேயாவது கண்டால் சொல்லுங்கள், நான் கேட்டது அவரையல்ல என்று.