நெடுந்தீவில் கை நனைத்த கதை

1984ஆம் ஆண்டு ஆனி மாதம். சோளகக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை. குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுக்குப் போகும் மோட்டார் வள்ளத்துக்காகக் காத்து நின்றேன். கையில் குடை. சட்டைப்பையில் புளிப்பு மணத்துக்காக மூன்று தேசிக்காய், ஒரு துண்டு இஞ்சி, மருந்துக்கடையில் வாங்கிய இரண்டு குளிசை. வயிற்றில் மட்டும் ஒன்றும் இல்லை.

வெறும் வயிறு நானே யோசித்துச் செய்த ஏற்பாடு. எனக்குப் பஸ்ஸில் போனாலே தலை சுற்றும். கடல் என்றால் கேட்கவே வேண்டாம். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே வருவதற்கும் ஒன்றும் இருக்காது, இது சாதாரணக் கழித்தற் கணக்கு என்று நினைத்தேன். முந்தின இரவே சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். மனைவி கட்டித்தந்த பிட்டையும் அச்சுவேலிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

போன காரியம் மகளின் கல்யாணம். தரகர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளை நெடுந்தீவில் பிறந்து அங்கேயே படிப்பிக்கிறவர். பத்தில் எட்டுப் பொருத்தம். படத்தைப் பார்த்த மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் படத்தைத் திருப்பித் தரவும் இல்லை. எங்கள் பக்கத்தில் சம்மதம் சொல்வதற்கு முன் யாராவது ஒருவர் சத்தமில்லாமல் அந்த ஊருக்குப் போய் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரித்து வருவது வழக்கம். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

புறப்படும்போது மனைவி வாசல் படலை வரை வந்து சொன்னாள்.

“ஆரெண்டு காட்டிக்கொள்ளாதேயுங்கோ. அவையின்ரை வீட்டுப் பக்கம் போக வேண்டி வந்தாலும் கை நனைச்சுப் போடாதேயுங்கோ.”

சம்பந்தம் முடிவாகும் முன் அந்த வீட்டில் சோறு சாப்பிடக்கூடாது. கை நனைத்தால் சம்மதித்தாயிற்று என்று அர்த்தம். பிறகு பின்வாங்குவது மரியாதையில்லை.

எனக்கு மாப்பிள்ளையைப் பற்றிப் பயமில்லை. கடலைப் பற்றித்தான் பயம். மகளுக்கும் என்னைப் போலவே பிரயாணம் ஒத்துக்கொள்ளாது. கல்யாணம் செய்து அந்தக் கரையில் இருந்துவிட்டால் அவள் எப்படி வருவாள், நாங்கள் எப்படிப் போவோம்? அதனால் மனைவிக்கும் சொல்லாமல் ஒரு தீர்மானம் வைத்திருந்தேன். கடல் என்னைப் படுத்தினால் இந்தச் சம்பந்தம் வேண்டாம்.

இறங்குதுறையில் பனையோலைக் கடகம் நிறைய வெங்காயத்தோடு ஒரு பெண் நின்றாள். மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். இன்ன வாத்தியாரின் குடும்பம், தகப்பன் முன்பு கூட்டுறவுக் கடை மனேச்சர், தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாமலோ? ஏன் ஐயா, அவையிட்டையோ போறியள்?”

“சீச்சீ! சும்மா கேட்டனான். நான் குதிரை பார்க்கப் போறன்.”

நெடுந்தீவில் காட்டுக் குதிரைகள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். அவள் என் குடையையும், மினுக்கிய சப்பாத்தையும், நரைத்த தலையையும் ஒரு முறை பார்த்தாள்.

“குதிரையோ?” என்றாள். கடகத்தைத் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் ஏறினாள்.

வள்ளத்தில் ஏறியவர்களை எண்ணினேன். நாற்பத்தொரு பேர். மிதவை வளையங்களை எண்ணினேன். நான்கு. எனக்குத் தண்ணீரில் விழுகிற பயமும் இருந்ததால் ஒரு வளையத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அது கீழ்த்தட்டில், எஞ்சினுக்கு அருகில், காற்று வராத மூலை. டீசல் புகை முகத்தில் அடித்தது. குளிசை ஞாபகத்துக்கு வந்ததே வள்ளம் புறப்பட்ட பிறகுதான். இரண்டையும் ஒன்றாக விழுங்கினேன்.

துறையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் வள்ளம் மூக்கைத் தூக்கிப் போட ஆரம்பித்தது. தேசிக்காயை மணந்தேன். இஞ்சியைக் கடித்தேன். கண்ணை மூடினேன், இன்னும் மோசமாகச் சுற்றியது. மனதை ஒரு இடத்தில் நிறுத்துவதற்கு எனக்குத் தெரிந்த வழி எண்ணுவதுதான். பக்கத் துவாரத்தால் குனிந்து, வள்ளத்தில் மோதுகிற அலைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். நாற்பது வரை வந்திருப்பேன். முதலில் வந்தது குளிசை. பிறகு இஞ்சி. பிறகு, ஒன்றுமில்லாத வயிற்றிலிருந்து எவ்வளவு வரமுடியும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்துகொண்டேன்.

யாரோ என் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். வெங்காயக்காரிதான்.

“எடுங்கோ ஐயா, எடுங்கோ. வெக்கப்படாதேயுங்கோ. குதிரையள் எங்கையும் ஓடாது.”

நாற்பது பேரும் சிரித்தார்கள். எனக்குக் கோபப்படவும் பெலன் இல்லை.

நெடுந்தீவில் இரண்டு பேர் என்னைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். எங்கே கொண்டுபோவது என்று அவர்கள் கேட்டபோது அந்தப் பெண் கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னது எனக்குக் கேட்டது.

“வாத்தியார் வீட்டை கொண்டுபோங்கோ. அவையைத்தான் விசாரிச்சவர்.”

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தால் வேறு ஏதாவது வரும் போலிருந்தது. மூடிக்கொண்டேன். மாட்டுவண்டியில் படுத்தபடி பார்த்தேன், இரண்டு பக்கமும் கல்லடுக்கிக் கட்டிய வேலிகள் நகர்ந்துகொண்டிருந்தன.

ஒரு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் படுக்கவைத்தார்கள். என் வயதை ஒத்த ஒரு அம்மா இஞ்சி போட்ட தேத்தண்ணி கொண்டுவந்தார். மிடறு மிடறாகக் குடிக்கச் சொன்னார். இரண்டு கோப்பை குடித்த பிறகுதான் நிலம் நிலமாக நின்றது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். தரகர் கொண்டுவந்த அதே படம் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது.

“நீங்கள் அச்சுவேலியோ?” அந்த அம்மா மெல்லக் கேட்டார்.

ஒளிப்பதற்கு இனி என்ன இருக்கிறது? ஓம் என்றேன்.

வீட்டுக்காரர் உள்ளேயிருந்து சால்வையைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“குதிரை பார்க்க வந்ததாக் கேள்வி?”

நான் குனிந்துகொண்டேன். பள்ளிக்கூடம் மத்தியானம் விட்டு அந்த நேரம் பார்த்து மகன் சைக்கிளில் வந்து இறங்கினார். தகப்பன் கையை நீட்டிச் சொன்னார்.

“இதுதான் எங்கடை வீட்டுக் குதிரை. பல்லு வேணுமெண்டாலும் எண்ணிப் பாருங்கோ.”

பாவம், அந்தப் பெடியன் ஒன்றும் விளங்காமல் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று காலையிலிருந்து வந்தவற்றில் நல்லதாக வந்தது அது ஒன்றுதான்.

அப்போதுதான் உண்மையான சிக்கல் வந்தது. அந்த அம்மா வாழையிலை போட்டார். சோறு, ரசம், பருப்பு, பொரித்த கத்தரிக்காய். எனக்கோ பசியில் கண் இருண்டது. மனைவியின் குரல் காதில் கேட்டது. இன்றைக்கு விரதம் என்று சொல்லிவிட்டேன்.

“விரதமெண்டு வந்துதானே ஐயா இப்பிடிக் கிடக்கிறியள்?” என்றார் அவர். “வெறுவயித்தோட கடலில ஏறினால் அது குடலைத்தான் கேட்கும். பின்னேர வள்ளத்தில திரும்பிப் போகவேண்டாமோ?”

இலைக்கு நீட்டிய கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவருக்கு விளங்கிவிட்டது.

“கை நனைச்சால் சம்பந்தமெண்டு யோசிக்கிறியள். அப்பிடி ஒண்டுமில்லை. இது கடலுக்குப் போடுற சோறு. நாங்கள் கணக்கில எடுக்கமாட்டம்.”

பிறகு அவர் என் எதிரில் நிலத்தில் உட்கார்ந்து சொன்னதைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. அவர் பிறந்தது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. கல்யாணம் முடித்து வந்த அன்று கூறைச்சேலையோடு வள்ளத்தில் என்னைப் போலவே சத்தி எடுத்தவர். ஒரு வருடம் ஒவ்வொரு பயணமும் அப்படித்தான். பிறகு எது ஒத்துக்கொள்ளும், எங்கே இருந்தால் ஆட்டம் குறைவு என்று தானே பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்.

“என்ரை அப்பா ஒரேயொருக்காத்தான் இஞ்சை வந்தவர். உங்களைப் போலத்தான் கொண்டுவந்து கிடத்தினவை. பேந்து வரேல்லை. பாசமில்லாமல் இல்லை, கடலுக்குப் பயம். இவன் பிறந்ததுக்கும் வரேல்லை.” அவர் மகனைக் காட்டினார். “உங்கடை மகளை எங்கை குடுக்கிறதெண்டது உங்கடை விருப்பம். ஆனால் கடலுக்குப் பயந்து வேண்டாமெண்டு சொல்லாதேயுங்கோ. கடலைப் பழகலாம்.”

நான் வாய்விட்டுச் சொல்லாத தீர்மானத்தை அவர் எடுத்து என் முன்னால் வைத்துவிட்டார்.

செம்பை எடுத்துக் கை கழுவினேன். சாப்பிட்டேன். இலை பாதி காலியானபோது தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்.

“இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்கோ, சம்பந்தியம்மா.”

அகப்பை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு நான் கேட்டதைவிட இரண்டு மடங்கு விழுந்தது. உள்ளே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்குப் புரைக்கேறியது.

பின்னேரம் எல்லோரும் துறைக்கு வந்தார்கள். சம்பந்தியம்மா வள்ளத்துக்குள் ஏறி இடம் பிடித்துத் தந்தார். மேல்தட்டில், நடுவிலிருந்து சற்றுப் பின்னால், காற்று முகத்தில் படும்படி, புகைக்கு எதிர்ப்பக்கம்.

“முன்னுக்கு இருந்தால் தூக்கிப் போடும். கீழே போகாதேயுங்கோ. வாசிக்க வேண்டாம், கண்ணை மூட வேண்டாம். காலமை என்ன செய்தனீங்கள்?”

“அலையை எண்ணினனான்” என்றேன்.

அவர் தலையில் கை வைத்தார்.

“கிட்டக் கிடக்கிறதைப் பார்த்தால் சுத்தத்தானே செய்யும்? எண்ணாமல் இருக்க ஏலாதெண்டால் தூரத்துப் பனையை எண்ணுங்கோ. அது ஆடாது.”

அப்படியே செய்தேன். முதலில் திரும்பி நெடுந்தீவுப் பனைகளை எண்ணினேன். அவை மங்கியதும் கடல் முடிகிற கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தக் கோட்டில் புங்குடுதீவுப் பனைகள் ஒவ்வொன்றாக எழும்பின. சோளகம் காலையைவிடப் பலமாகத்தான் அடித்தது. வள்ளம் ஆடியது, எனக்குப் பக்கத்தில் ஒரு வாலிபன் சத்தி எடுத்தான். நான் அவனுடைய தோளைத் தட்டிப் பனையைக் காட்டினேன். குறிகட்டுவானில் ஒருவருடைய உதவியும் இல்லாமல் இறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன, விசாரிச்சியளோ?”

“கை நனைச்சிட்டன்” என்றேன். “ரெண்டாந்தரமும் வாங்கினனான்.”

“என்னைக் கேளாமலோ?” என்று மனைவி போட்ட சத்தத்தில், அறைக்குள்ளிருந்து தான் சிரிப்பது எனக்குக் கேட்கவில்லை என்று மகள் நினைத்திருப்பாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மகள் முதன்முதல் நெடுந்தீவுக்குப் போனபோது காலையில் மாமியார் சொல்லியனுப்பியபடி அவளுக்கு என் கையாலேயே வாயில் இடியப்பம் தீத்திவிட்டது நான். புறப்பட ஒரு மணித்தியாலம் முன்பே குளிசையும் கொடுத்தேன். வள்ளத்தில் அவளுக்கு ஒரு பக்கம் மாப்பிள்ளை, மறுபக்கம் நான். இரண்டு பேரும் மாறி மாறிப் பனையைக் காட்டியதில் எரிச்சல் வந்ததே தவிர அவளுக்குச் சத்தி வரவில்லை.

யுத்தம் அந்தப் பாதையை மூடும்வரை நான் அந்தக் கடலை இருபத்திரண்டு தடவை கடந்தேன். பேத்தி பிறந்த மூன்றாம் நாள் அங்கே நின்றேன். வெங்காயக்காரி மட்டும் என்னைக் காணும்போதெல்லாம், “ஐயா, குதிரை சுகமோ?” என்று கேட்பதை நிறுத்தவேயில்லை.

இப்போதும் எதற்கும் பதறி அந்தரப்படுகிறவன்தான் நான். ஆனால் மனம் ஆடத் தொடங்கினால், கடலுக்குப் பயந்து மகளைப் பார்க்க வராமற்போன அந்தத் தகப்பனை நினைத்துக்கொண்டு, தூரத்தில் ஆடாமல் நிற்கிற ஒரு பனையைத் தேடுகிறேன்.