சுவரைப் பார்த்து உட்காருகிறவள்

முதுகு கேட்டுக்கு, முகம் சுவருக்கு. கவிழ்த்துப் போட்ட பால் கிரேட்டின் மேல் பேராச்சி அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். கக்கத்தில் கொண்டுவந்த திண்டை மடியில் வைத்து, அதன் மேல் கூலிக்கு வாங்கிவந்த புதுச் சட்டைகளைப் பரப்பி, தொங்குகிற நூல்களைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் டிரைவர்கள் ஒவ்வொருவராக கேட்டுக்குள் போகிறார்கள். "யக்கா" என்கிறான் ஒருவன், "தீதி" என்கிறான் ஒருவன், "மௌசி" என்கிறான் இன்னொருவன். குனிந்த தலை குனிந்தபடியே, "வாங்க, வாங்க" என்கிறாள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று திரும்பி மட்டும் பார்க்க மாட்டாள்.

மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் வாசலுக்கு நேர் எதிரே அந்த பார்சல் கம்பெனியின் கொட்டகை இருக்கிறது. முன்பு அது தோல் குடோன். மழைக்காலத்தில் இன்றைக்கும் அந்த வாசனை சுவரை விட்டு வெளியே வரும். அங்கே வேலையில் இருக்கும் டிரைவர்களுக்கு ஆளுக்கொரு வண்டி, ஆளுக்கொரு ரூட், முதுகில் எழுத்துப் போட்ட நீலச் சட்டை. யாராவது வராத நாளில் அவன் வண்டியை எடுத்துப் போகிறவருக்கு இந்த ஊரில் பத்லி என்று பேர். பேராச்சி பத்லி. வேலை இருக்கிறதோ இல்லையோ, விடிந்தால் வந்து உட்கார்ந்துவிட வேண்டும்.

பத்லிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வருகிறவர்களை எண்ணக் கூடாது. எண்ணினால், இவர்களில் ஒருத்தன் வராமல் போகட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்ட மாதிரி. முன்னே இருந்த ஒரு பத்லி கேட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தானாம். அந்த மழையில் ஒருத்தனுக்கு மஞ்சள் காமாலை, ஒருத்தனுக்குக் கால் முறிவு என்று சொல்வார்கள். அதிலிருந்து பத்லி சுவரைப் பார்த்து உட்காருவதுதான் வழக்கம். பேராச்சி அந்த வழக்கத்தைக் கோயில் நடைமுறை மாதிரி காப்பாற்றுகிறாள். காய்ச்சலில் படுத்தவனின் வண்டியை ஓட்டிய நாளில், சாயங்காலம் அவனுக்குப் போன் போட்டு, "விட்டிருச்சாய்யா?" என்று கேட்ட பிறகுதான் வாயில் சோறு வைப்பாள்.

ஆள் குள்ளம். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. சேலை கட்டினால் கிளட்ச் மிதிக்க முடியாது என்று சுடிதாருக்கு மாறியவள், தலையில் பூ வைப்பதை மட்டும் விடவில்லை. அவள் புருஷனுக்குப் பை தைக்கிற பட்டறையில் வேலை. அங்கிருந்து பைகளை ஏற்றிப் போகும் டெம்போவில்தான் அவள் ஓட்டப் பழகினாள். மடியில் இருக்கிற அந்தத் திண்டும் அவன் மிச்ச ரெக்சினில் தைத்துக் கொடுத்தது. அது இல்லாவிட்டால் வண்டியில் உட்கார்ந்தால் அவளுக்கு வானம்தான் தெரியும், ரோடு தெரியாது.

ஒருநாள் செம்பூரில் ஒரு பெரிய கட்டடத்துக்குப் பார்சல் கொண்டுபோயிருக்கிறாள். கதவைத் திறந்த அம்மாள் பெட்டியை வாங்காமல் இவள் தலைக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தாளாம், டிரைவர் எங்கே என்று. "நாந்தாம்மா டிரைவரு, கிளீனரு, எல்லாம். கையெழுத்துப் போடுங்க, கீழ வண்டி ஒத்தையில நிக்கி" என்றிருக்கிறாள். இதை எங்களிடம் சொல்லும்போது அந்த அம்மாள் மாதிரியே எட்டிப் பார்த்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

வண்டிகளுக்கெல்லாம் அவள் பேர் வைத்திருக்கிறாள். இடது பக்கம் இழுக்கிற வண்டி "மாமியா". பிரேக் மிதித்தால் கத்துகிற வண்டி "சண்டைக்காரி". டிரைவர் இசக்கிதுரையின் வண்டி "மாப்பிள்ளை", ஏனென்றால் தினமும் காலையில் நாலு தடவை கூப்பிட்டால்தான் கிளம்பும். எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் சீட்டு இருந்த இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுவாள். பிறகு சீட்டை முன்னே இழுத்து, திண்டைப் போட்டு, கண்ணாடியைத் தன் கண்ணுக்குத் திருப்பிக்கொள்வாள். சாயங்காலம் திரும்பி வந்ததும் திண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்து, சீட்டை அந்தக் கோட்டுக்கே தள்ளி, கண்ணாடியையும் பழையபடி திருப்பிவிட்டுத்தான் இறங்குவாள்.

"யக்கா ஓட்டுன வண்டியில மறுநா ஏறுனா, நேத்து நாந்தான் எறங்குன மாதிரி இருக்கும்" என்பான் இசக்கிதுரை. அவனும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்தான், நெடுநெடுவென்று வளர்ந்தவன். எல்லா டிரைவர்களும் அதையேதான் சொன்னார்கள். அதனால் லீவு போட யாருக்கும் தயக்கமே கிடையாது.

அங்கேதான் வந்தது வினை. ஜாதவ் என்ற வயசான டிரைவர் வேலையை விட்டு ஊருக்குப் போனார். அவர் ஓட்டிய மாமியா வண்டி ஆளில்லாமல் நின்றது, அதன் பார்சல்களை மற்ற வண்டிகளில் பிரித்து ஏற்றினார்கள். கம்பெனிப் பொறுப்பாளர் நகுல் என்கிற பிள்ளை, மாட்டுங்காக்காரன், பாலக்காட்டுக் குடும்பம், தங்கமானவன். பேராச்சி அவனிடம் போய் அந்த வண்டியைத் தனக்குக் கேட்டாள். திரும்பி எங்கள் வாசலுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"என்னட்டி சொன்னான்?"

"வெளிய ஒரு ஆளு பேசிட்டாராம் ஆச்சி. ஒண்ணாந்தேதி வாரானாம்."

"ஏன், நீ ஆளு இல்லையா?"

"'எல்லா வண்டியும், எல்லா ரூட்டும் தெரிஞ்சவா நீங்க ஒருத்தர்தான் அக்கா. ஒரு வண்டியில உங்களைக் கட்டிப் போட்டுட்டா, மத்ததுக்கு நான் எங்க போவேன்'னு கேக்காரு." தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "அவரு சொல்லுததும் சரிதான?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா ஓட்டுதேன்னு ஒருத்திய வெளிய உக்கார வைப்பானா? அதுக்குப் பேரு சரியா? இனிமே சாயங்காலம் சீட்டத் தள்ளாம வா. கண்ணாடியத் திருப்பாம வா. அவனுவளுக்கும் கொஞ்சம் கழுத்து வலிக்கட்டும்."

"அது அவிய எடம் ஆச்சி. அதுல நான் என் கோவத்த வச்சிட்டு வர முடியுமா?"

"ஒனக்கு என்னதாம் வேணும்?"

"நாளைக்கு எந்தத் தெருவுக்குப் போவேன்னு தெரிஞ்சிட்டுப் படுக்கணும் ஆச்சி. அவ்வளவுதான். கருவாடு ஊற வைக்கலாமா வேண்டாமான்னுகூட எனக்கு ராத்திரியில தெரிய மாட்டேங்கு."

மறுநாள் காலையில் நான் வாசலைத் தெளித்துக்கொண்டிருந்தேன். பேராச்சி வந்தாள். கிரேட்டைக் கவிழ்த்தாள். திண்டை மடியில் வைத்தாள். கேட்டைப் பார்த்து உட்கார்ந்தாள்.

கையிலிருந்த செம்பு என் கையிலேயே நின்றுவிட்டது. அவள் முகத்தில் கோபம் இல்லை, ஒன்றும் இல்லை. வழக்கம்போல நூல் கத்தரித்தாள். ஒவ்வொருத்தன் உள்ளே போகும்போதும் மட்டும் தலையை நிமிர்த்தி, நன்றாக முழுசாகப் பார்த்து, "வாங்க" என்றாள். முதலில் வந்தவன் சிரித்தான். இரண்டாவது வந்தவன் சட்டைக்குள் கை விட்டுத் தாயத்தைத் தொட்டான். இசக்கிதுரை கேட்டு வரைக்கும் வந்து, நின்று, திரும்பி வந்தான்.

"யக்கா, என்ன இது? இங்கிட்டுப் பாத்து உக்காந்திருக்கிய?"

"அங்கிட்டு வெயிலு அடிக்கி."

"மேகம் மூடிக் கெடக்கு! எங்க வெயிலு?"

"அடிக்கும்லா, கொஞ்ச நேரம் கழிச்சி."

"எண்ணுதியளா?"

"நான் எதுக்குய்யா எண்ணப் போறேன். கண்ணு இருக்கு, பாக்கேன்."

அன்றைக்கு அவர்கள் வண்டி ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, தெருவே ஆச்சரியப்பட்டது. ஹார்ன் இல்லை, முந்தல் இல்லை, பாலை ஏந்திக்கொண்டு போகிற மாதிரி போனார்கள். மறுநாளும் பேராச்சி கேட்டைப் பார்த்தே உட்கார்ந்தாள். சண்டைக்காரியின் டிரைவருக்கு இரண்டு தும்மல் வந்தது, மூன்றாவதை மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். தலைவலி இருந்தாலும் ஒருத்தனும் லீவு போடவில்லை. பேராச்சிக்கும் அதனால் வேலை இல்லை. அது தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள். நான் இட்லி கொண்டுபோய்க் கொடுத்தேன், சாப்பிட்டாள்.

அதற்கடுத்த நாள் எல்லாரும் சேர்ந்து நகுலை வாசலுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பாவம், காதில் போனை வைத்தபடியே வந்தான்.

"அக்கா, ப்ளீஸ், பழையபடி உட்காருங்கோளேன். ஒருத்தனும் வண்டியை வேகமா ஓட்ட மாட்டேங்கறான். பார்சல் எல்லாம் அப்படியே தேங்கிக் கெடக்கு."

"கம்பெனியில இங்கிட்டு உக்காரக் கூடாதுன்னு சட்டம் இருக்கா தம்பி?"

"சட்டமெல்லாம் இல்லை..." அவன் தலையைச் சொறிந்தான். "உங்களுக்கு வண்டி குடுத்தா பத்லிக்கு நான் எங்க போறது? அதைச் சொல்லுங்கோ."

அதற்கு இசக்கிதுரைதான் பதில் சொன்னான். "ஒண்ணாந்தேதி ஒருத்தன் வாரான்லா சார், அவன் உக்காரட்டும். புதுசா வாரவன் நேரா வண்டியில ஏறுவானாம், இத்தனை வருச மழைக்கும் இங்கன கெடந்தவ கிரேட்டுலயே கெடப்பாளாம். எந்த ஊரு நியாயம் இது? அவனுக்கு ரூட்ட நாங்க சொல்லிக் குடுக்கோம். சுவரு எந்தப் பக்கம்னும் சொல்லிக் குடுக்கோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நகுலும் சிரித்துவிட்டான். பேராச்சி மட்டும் சிரிக்கவில்லை, கத்தரியை மூடிக் கையில் வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்திருந்தாள்.

"சரி. மாமியாவை எடுத்துக்கோங்கோ" என்றான் நகுல். வண்டிக்கு அவள் வைத்த பேர் அவனுக்கும் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

அவள் எழுந்தாள். மடியிலிருந்த சட்டைகளை என்னிடம் கொடுத்தாள். திண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்குள் போனாள்.

சாயங்காலம் தூறல். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். மாமியா இடது பக்கம் இழுத்துக்கொண்டே வந்து கொட்டகைக்குள் நின்றது. பேராச்சி திண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தாள், சீட்டை ஜாதவின் கோட்டுக்குத் தள்ளினாள், கண்ணாடியைத் திருப்பினாள், இறங்கினாள், சாவியைக் கொடுத்துவிட்டு கேட்டு வரைக்கும் நடந்து வந்தாள். அங்கே நின்றாள். பிறகு திரும்பிப் போய், சாவியை வாங்கி, கதவைத் திறந்து ஏறினாள். சீட்டை முன்னே இழுத்தாள். கண்ணாடியைத் தன் கண்ணுக்குத் திருப்பினாள். பழைய சாக்குக்கட்டிக் கோட்டை முந்தானை இல்லாததால் துப்பட்டா நுனியால் துடைத்தாள். திண்டை சீட்டின் மேல் வைத்து, இரண்டு தட்டுத் தட்டி, கதவைச் சாத்திவிட்டு, வெறும் கையை வீசிக்கொண்டு வெளியே வந்தாள்.