ஓடும் சக்கரத்தில் விலை தெரியாது

முடிவெட்ட வருகிறவரின் முகத்தை நடீன் டாக்கெட் முதலில் பார்ப்பதில்லை. கத்தரியை வெள்ளைத் துணியில் துடைத்தபடி, சன்னலுக்கு வெளியே அவர் நிறுத்திவிட்டு வந்த வண்டியின் சக்கரத்தைப் பார்க்கிறார். அதைப் பார்த்து முடித்த பிறகுதான் நாற்காலியைக் காட்டுவார்.

"உக்காரு. முன் சக்கரத்துல நட்டு ஒண்ணு குறையுது, தெரியுமா?"

வந்தவர் பதறித் தலையைத் திருப்பினால் மோவாயைப் பிடித்து நேராக வைப்பார். "வண்டி எங்கயும் ஓடிடாது. நீ ஆடாம இரு."

எண்ணெய்க் கிணறுகள் சூழ்ந்த ஆயில்டேல் ஊரில் எங்கள் கடை. அதில் இரண்டே நாற்காலிகள். சன்னலோரம் இருப்பது நடீனுடையது, சுவரோரம் இருப்பது என்னுடையது. அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே வெட்டிப் பழகியதால், அவர் விடுமுறை எடுக்கும் நாளில் என் கை கொஞ்சம் தடுமாறும். அவருக்கு அறுபத்தெட்டு வயது. கொடிக்கம்பம் போல நெடுநெடு உடம்பு. நரைத்த முடியைத் தானே கண்ணாடி பார்த்து ஒட்ட வெட்டிக்கொள்வார். காரின் கதவுமேல் வைத்து வைத்தே இடது முழங்கை வலதைவிட இரண்டு பங்கு கறுத்திருக்கும். எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்துவிட்டு வரும் முரட்டு ஆட்கள்கூட அவர் நாற்காலியில் பூனையாக உட்கார்ந்திருப்பார்கள். காரணத்தை அவரே சொல்வார்: "கழுத்துல சவரக்கத்தி இருக்கிறப்போ எவன் எதிர்த்துப் பேசுவான்?"

அவருடைய மஞ்சள் நிற நோவா கார் கடை வாசலில் நிற்கும். பதினெட்டு வயதில், காரட் கழுவிக் கட்டும் கொட்டகையில் வேலை பார்த்தபோது மாமாவிடமிருந்து வாங்கியது. மாமா அதை ஒரு பசுமாட்டின் மேல் ஏற்கெனவே ஒருமுறை மோதியிருந்தார். என்ஜின் நன்றாக இருந்தது, மற்றதெல்லாம் சுமார். நடீன் அந்த வண்டிக்கு முதலில் செய்தது என்ஜின் வேலையும் இல்லை, வர்ணமும் இல்லை. நான்கு அலுமினியச் சக்கரங்கள் வாங்கினார். முகத்தில் ஐந்து பெரிய துளைகள் போட்ட, உதிரிபாகக் கடையிலேயே மலிவான சக்கரங்கள். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று பெட்டிமேல் எழுதியிருந்ததாம். பொருந்தத்தான் செய்யும், போல்ட்டு நுழையும் ஓட்டையையே நீளவாக்கில் விட்டிருந்தார்கள். நீள வாஷர் ஒன்றை வைத்து முடுக்க வேண்டும். ஊர் முழுக்கப் போடக்கூடிய செருப்பு என்று பசங்கள் கேலி செய்தார்கள். "குதிரை நொண்டி, லாடம் வெள்ளி" என்றார் அவருடைய அப்பா.

"லாடத்தைப் பாக்கிறவன் காலைப் பாக்கமாட்டான்பா" என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே, பசங்கள் வண்டியைக் காட்டி ஓட்டும் செஸ்டர் அவென்யூவில் மேலும் கீழும் நான்கு தடவை ஓட்டியிருக்கிறார் நடீன்.

அந்தக் காலத்துச் சக்கரங்களைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கடையில் வேறு பேச்சு எழாது. பாங்கு மேலாளரின் மகன்கள் வார்த்தெடுத்த மக்னீசியச் சக்கரம் போட்டுக்கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் மூளையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள் என்பார். ஒருவன் இரும்புச் சக்கரத்தின் ஆணிகளைத் துளைத்தெடுத்து, வளையத்தை உள்வெளியாகத் திருப்பிப் பற்றவைத்து, குரோம் முலாம் பூசினான். சோற்றுக் கிண்ணம்போல ஆழமாக மின்னியது. இன்னொருவன் வீட்டுக் குளிர்பெட்டிக்கு அடிக்கும் வெள்ளி வர்ணத்தை அடித்தான், முதல் மழையில் அது டயரில் வழிந்தது. வேறொருவன் கையில் இரண்டுக்குத்தான் வசதி. வாங்கிய இரண்டையும் வண்டியின் ஒரே பக்கம் மாட்டி, அந்தப் பக்கம் பசங்கள் கூடும் ஓட்டலைப் பார்த்திருக்கும்படி நிறுத்துவான். "ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல எவன் பாக்கப்போறான்னு கேட்டான் பாரு, அவன் புத்திசாலி" என்று நடீன் நிறுத்துவார். எனக்கு அடுத்த வரி தெரியும். ஆனாலும் காத்திருப்பேன். "அவனைத்தான் கட்டிக்கிட்டேன். வீட்டுலயும் அப்படியேதான் இருந்தான், ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு."

அந்தக் கல்யாணம் ஆறு வருடம் ஓடியது. மலிவுச் சக்கரங்கள் ஐம்பது வருடம் ஓடின.

அவரோடு தைரியமாக வாதாடுகிற ஒரே வாடிக்கையாளர் கர்ட்டிஸ் பாக்வெல். தரைவிரிப்புக் கடை வைத்திருப்பவர், நீல நிறக் கமாரோ காருக்குச் சொந்தக்காரர். அடித்து உருவாக்கிய விலையுயர்ந்த சக்கரங்கள் போட்டிருக்கிறார். தலையில் வெட்ட அதிகமில்லை. சண்டை போடத்தான் வருகிறார் என்று எனக்குத் தோன்றும்.

"நடீன், உன் நாலு சக்கரத்தோட விலையைவிட என் சக்கரம் வந்த பெட்டி விலை அதிகம்."

"ஓடுற சக்கரத்துல விலை தெரியாது கர்ட்டிஸ். நின்னா தெரியும். அதனாலதான் நீ எப்பவும் நிறுத்தியே வச்சிருக்கே."

இருவரும் மார்ச் மாதத்தில் ஊருக்கு வடக்கே நடக்கும் பழைய வண்டிகளின் கால் மைல் பந்தயத்துக்குத் தவறாமல் போவார்கள். கர்ட்டிஸ் அங்கேயாவது நிறுத்தாமல் ஓட்டுவார் என்பதை நடீனும் ஒப்புக்கொள்வார். இந்த வருடம் நானும் கூடப் போயிருந்தேன். பாதாம் தோப்புகள் பூவை உதிர்த்து முடிக்கும் நேரம். வரிசையில் நின்ற வண்டிகளின் கண்ணாடி எல்லாம் வெள்ளை இதழ்கள். மிளகாய் போட்ட அவரைக் குழம்பைக் காகிதக் கிண்ணத்தில் வைத்துச் சாப்பிட்டபடி நடீன் எல்லோரோடும் வம்பளந்துகொண்டிருந்தார்.

பந்தயத்துக்கு முன் வண்டிகளைச் சோதிக்கிறவர் இந்த முறை புதியவர். ரொசால்பா கின்டெரோ, முப்பது வயது தாண்டியவர், வாரநாட்களில் எண்ணெய்க் குழாய்களைப் பற்றவைக்கும் வேலை. குனிந்து, சக்கரத்தின் துளைகளுக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டே வந்தவர், இடது பின் சக்கரத்தில் நின்றார். மறுபடி தடவினார்.

"நடீனம்மா, இதோட உங்களை ஓட விடமாட்டேன்."

"ஏன்?"

"வெடிப்பு இருக்கு."

"அது கீறல். எனக்கும் அதுக்கும் அம்பது வருஷப் பழக்கம்."

ரொசால்பா ஜாக்கியைக் கொண்டுவரச் சொல்லி சக்கரத்தைக் கழற்றிப் படுக்க வைத்தார். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அந்த இடத்தைத் துடைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு காய்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளை மேலே தூவினார்.

இதற்குள் சுற்றிலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அங்கிருந்த பாதிப் பேருடைய பின்கழுத்து நடீன் கையால் மழித்தது. அந்த நாற்காலியில் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்ட அத்தனைக்கும் பதில் சொல்ல அவர்களுக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஆனால் எல்லோரும் அந்த வெள்ளைத் தூளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஊறியிருந்த மண்ணெண்ணெய் கசிந்து மேலே வர, தூளின் நடுவில் ஈரமான கோடு ஒன்று மெல்ல எழுந்தது. துளையின் விளிம்பில் தொடங்கி, போல்ட்டு ஓட்டையை நோக்கி விரல் நீளத்துக்குப் போயிருந்தது.

கர்ட்டிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் மூடிக்கொண்டார்.

நான் நடீன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவர் மண்டியிட்டு, கோட்டின்மேல் நகத்தை ஓட்டினார். நகம் தடுக்கியது.

"சரிதான். என் மேலதான் தப்பு" என்றார், கடையில் பேசும் அதே குரலில். "மத்த மூணையும் பாரு."

முன் சக்கரங்கள் இரண்டும் நன்றாக இருந்தன. வலது பின் சக்கரத்தில் கோடு போல்ட்டு ஓட்டையையே தொட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நடீன் எழுந்து வண்டிமேல் சாய்ந்தார். "போன ஞாயித்துக்கிழமை எங்கக்காவை வச்சுக்கிட்டு மலைப்பாதையில இறங்கினேன்" என்றார் என்னிடம் மட்டும். "வளைவுல மெதுவாப் போடின்னா. நான் சிரிச்சேன்." கையிலிருந்த குழம்புக் கிண்ணத்தை என்னிடம் நீட்டிவிட்டார்.

கர்ட்டிஸ் தொண்டையைச் செருமினார். "என் வண்டியில கூடுதலா ரெண்டு சக்கரம் இருக்கு. அளவு சரியாத்தான் இருக்கும். மாட்டிக்கோ."

நடீன் அவரை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. "அதை மாட்டி நான் ஜெயிச்சா, உன் சக்கரம்தான் ஜெயிச்சுதுன்னு சாகிற வரைக்கும் சொல்லுவே."

கர்ட்டிஸ் யோசித்துப் பார்த்தார். "சொல்லுவேன்தான்."

பந்தயப் பாதைக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் பழைய சாமான் சந்தை. டெல்மர் என்பவர் நீலத் தார்ப்பாய் விரித்து, அதில் சக்கரங்களைப் பரப்பியிருந்தார். நோவாவைச் செய்த அதே கம்பெனியின் பழைய வாடகைக் காரிலிருந்து கழற்றிய கறுப்பு இரும்புச் சக்கரங்கள் நான்கு, டயரோடு கிடந்தன. நடீன் ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்தார்.

"காசு வேணாம்" என்றார் டெல்மர். சோதனை இடத்தில் நடந்தது அதற்குள் அவர் காதுக்கு வந்திருந்தது. "உன் வெடிச்ச ரெண்டையும் எனக்குக் குடு. இதுல ரெண்டை எடுத்துக்கோ."

"அதை வச்சு என்ன பண்ணுவே?"

"வெடிப்பை அடைச்சு மெருகு போட்டா பெத்த அப்பனுக்கும் தெரியாது. அந்தக் காலத்துச் சாமானுக்கு இப்ப மவுசு."

"யாரு வாங்குவான்?"

"யாராவது வருவான். கையில கொஞ்சமா வச்சுக்கிட்டு, வண்டி அழகா இருக்கணும்னு ஆசைப்படறவன்."

நடீன் ஒரு இரும்புச் சக்கரத்தை மறுபடி உருட்டினார். ஒலிபெருக்கி முதல் சுற்று வண்டிகளைக் கூப்பிட்டது. இரண்டாவது சுற்றில் கர்ட்டிஸோடு மோத வேண்டும். வருடம் முழுக்கக் கடையில் பேசிக்கொண்டிருந்ததே அதைத்தான்.

"நானும் அப்படி வந்தவதான்" என்றார் கடைசியில். "நல்லா இருக்கிற ரெண்டையும் எடுத்துக்கோ. முன்னால மாட்டியிருக்கிறது. அதுக்குப் பதிலா இந்த நாலையும் குடு."

டெல்மருக்குப் புரியவில்லை. "அப்ப அந்த வெடிச்ச ரெண்டு?"

"அது என்கிட்டயே இருக்கட்டும்."

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "அக்கா, பின்னால மட்டும் மாத்திட்டு முன்னால இருக்கிறதை விட்டுடுங்க. அம்பது வருஷம் வச்சிருந்தீங்க."

"முன்னால பளபளன்னு, பின்னால கறுப்பா, பாதி பல்செட்டு கட்டின மாதிரியா? போ தம்பி. வீல் ஸ்பானரை எடுத்துட்டு வா."

நாங்கள் இருவரும் மாட்டி முடித்தோம். மஞ்சள் நோவா நான்கு கறுப்புச் சக்கரங்களோடு, அலுவலகத்துக்குப் போகும் வண்டிபோல நின்றது. ரொசால்பா ஒவ்வொரு நட்டையும் தன் கையால் முடுக்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் அனுமதிக் குறி எழுதினார். "நன்றிம்மா" என்றார் நடீன். "அடுத்த வாரம் கடைக்கு வா. அந்தப் பின்முடியை யாரு வெட்டினா? பாக்கவே சகிக்கலை."

முதல் சுற்றில் ஒரு சிவப்பு டிரக்கை எளிதாக வென்றார். இரண்டாவது சுற்றில் நீலமும் மஞ்சளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. பச்சை விளக்கு விழுந்ததும் நடீன்தான் முதலில் பாய்ந்தார். பாதித் தூரம்வரை முன்னால் இருந்தார். நான் வேலிக் கம்பியைப் பிடித்தபடி கத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் கர்ட்டிஸ் வண்டியின் மூக்கு ஒரு முழம் முந்திவிட்டது.

திரும்பி வந்து இருவரும் எதிரெதிரே இறங்கினார்கள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததை கர்ட்டிஸ் சொல்லிவிட்டார். "நல்ல சக்கரம் போட்டிருந்தா ஜெயிச்சிருப்பே நடீன்."

"நல்ல சக்கரம் போட்டதாலதான் உயிரோட தோத்தேன்" என்றார் நடீன். கர்ட்டிஸ் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். இதற்கு முன் அவர்கள் கை குலுக்கி நான் பார்த்ததில்லை.

வெயில் சாயும்போது வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. நடீன் டெல்மரிடம் போய், கூடார முளை அடிக்கும் சம்மட்டியை இரவல் வாங்கி வந்தார். டயர்களை ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தார். வெடித்த சக்கரங்கள் இரண்டையும் புல்லில் போட்டார். என்ன செய்யப்போகிறார் என்று புரிந்ததும் கர்ட்டிஸ் ஓடிவந்தார்.

"ஏய், அதை எனக்குக் குடு. என் கடைச் சுவத்துல மாட்டறேன். பேரு எழுதி வைக்கிறேன்."

"நீ செத்தா உன் மகன் விப்பான்."

"அவன் அப்படிப்பட்டவன் இல்ல."

"விக்கலைன்னா தூக்கிப் போடுவான். குப்பையிலிருந்து எவனாவது ஆசையா எடுத்து மாட்டுவான். தள்ளி நில்லு."

முதல் சக்கரம் ஒரே அடியில், ரொசால்பா காட்டிய அதே கோட்டில் பிளந்தது. சத்தம் கேட்டுத் தோப்பின் ஓரத்திலிருந்து காகங்கள் எழுந்தன. நடீன் துண்டுகளைக் காலால் ஓரமாகத் தள்ளினார். இரண்டாவது சக்கரத்தின் முகத்தில் சாக்பீஸ் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு குனிந்தார். சட்டை நுனியை வெளியே இழுத்து, அந்தத் தூளை ஒரு பொட்டு விடாமல், துளைகளின் உள்விளிம்புவரை சுற்றித் துடைத்தார். அலுமினியம் மாலை வெயிலில் பளிச்சென்றது. பிறகு நிமிர்ந்து, சம்மட்டியைத் தோளுக்கு மேல் தூக்கினார்.