ஆம்பூருக்கு வந்த சுறா

போன வாரம் எங்கள் சர்ச் ஹாலுக்கு ஒரு சுறா வந்தது. பயப்படாதீர்கள்... திரையில்தான்.

கூட்டி வந்தவள் ஜெனிபர். எதிர்வீட்டு ஸ்டெல்லா சிஸ்டரின் ஒரே மகள். அந்தமானில், டூரிஸ்ட்டுகளைக் கடலுக்கடியில் கூட்டிப் போய்ச் சுறா காட்டுகிற வேலை. நேரில் பார்த்தவர்களுக்கு அதைச் சாகவிட மனசு வராது என்பது அவள் கட்சி. லீவில் வந்தவள், அதைச் சொந்த ஊருக்கும் சொல்ல ஆசைப்பட்டாள். பாலாற்றில் தண்ணீர் வந்தாலே செல்ஃபி எடுக்கப் போகிற ஊருக்குக் கடலைப் பற்றி!

நர்ஸான அம்மாவுக்கோ வேறு திட்டம். மகளுக்கு ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார்.

"நீங்களாவது சொல்லுங்கண்ணே. பிள்ளை பெத்தவளுக்குப் பால்சுறா புட்டு செஞ்சி குடுங்கன்னு சொல்றவ நானு. எம் பொண்ணு அதுங்ககூட நீந்திக்கினு இருக்கா. இந்தவாட்டி திருப்பி அனுப்ப மாட்டேன்."

நான் தலையாட்டினேன். எதிர்வீட்டோடு எதற்கு வம்பு?

ஹாலில் நல்ல கூட்டம். முக்கால்வாசிப் பேர் தோல் தொழில். ஜெனிபர் முதல் படத்தைப் போட்டாள். நீலத் தண்ணீரில் சாம்பல் நிறச் சுறா. ஹாலே முன்னால் சாய்ந்து பார்த்தது. "கேள்வி இருந்தா கேளுங்க" என்றாள் சந்தோஷமாக.

டேனரி வைத்திருக்கும் அன்வர் பாய் கையைத் தூக்கினார். "தோலு எத்தினி சதுர அடி வரும்மா?"

"சொரசொரப்பு ஜாஸ்தியா இருக்கே... ஃபினிஷிங்ல சரியாய்டுமா?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

ஜெனிபர் முகம் வாடிவிட்டது. எங்களைச் சொல்லி என்ன பிரயோஜனம்? மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் ஷூவைப் பார்க்கிற ஊர் இது. கடைசி வரிசையில் ஸ்டெல்லா சிஸ்டர் மட்டும் திருப்தியாக உட்கார்ந்திருந்தார்.

அடுத்த படம். அதே சுறா, கிட்டத்தில். செவுளுக்குப் பின்னால் வளைவாக ஒரு தழும்பு.

அவ்வளவுதான். அன்வர் பாய் எழுந்து திரைக்கே போய்விட்டார். தழும்பைப் பார்த்துவிட்டு இங்கே யார் சும்மா இருப்பார்கள்? முள் கீறியதா, உண்ணி கடித்ததா, கயிறு அறுத்ததா என்று தோலை வைத்தே ஆட்டின் ஜாதகத்தைச் சொல்கிறவர்கள் ஆயிற்றே.

"கயிறு இறுக்குன தழும்பு" என்றார்.

"இல்ல பாய். கயிறுன்னா அகலமா விழும். இது நைலானு" என்றார் தோல் தரம் பிரிக்கும் ஷகிலா. இன்னொருவர் தூண்டில் முள் என்றார். பட்டிமன்றமே நடந்தது.

"நைலான் வலைதான்" என்றாள் ஜெனிபர், முகமெல்லாம் சிரிப்பாக. "கழுத்தைச் சுத்திக்கினு கிடந்தது. எங்க டீம்தான் அறுத்து விட்டுச்சு. இப்ப தழும்பை வச்சிதான் அதை அடையாளம் கண்டுபிடிக்கிறோம்."

"அப்புறம் செத்துப்போச்சா?" பாயின் குரல் இறங்கியிருந்தது.

"இல்ல அங்கிள். கிளம்புற அன்னிக்குக்கூட பார்த்தேன்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது — எங்கள் ஊருக்கு வந்து சேரும் எந்தத் தோலுக்கும் சொந்தக்காரர் உயிரோடு இருந்ததில்லை.

அதற்குப் பிறகு கேள்விகளே வேறு. என்ன சாப்பிடும், குட்டி போடுமா, இன்னமும் அங்கே வலை விரிக்கிறார்களா... சதுர அடியை ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியாக ஸ்டெல்லா சிஸ்டர் முன்னால் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தழும்பைப் பார்த்தார்.

"புண்ணு நல்லா ஆறியிருக்கு. மறுபடி மாட்டிக்கினா யாரு அறுத்து விடுவாங்க?"

"அங்க இருக்கிறவங்கதாம்மா."

டியூட்டிக்கு ஆள் வராத வார்டு எப்படி இருக்கும் என்று சிஸ்டருக்குத் தெரியாதா? மறுநாள் ஷூ கம்பெனிக்கு அவரே போன் செய்து மன்னிப்புக் கேட்டார். ஜெனிபர் அந்தமான் கிளம்பினாள்.

நேற்று எங்கள் தெருவில் ஜெபக்கூட்டம். யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று பாஸ்டர் ஒவ்வொருவரிடமும் கேட்டு வந்தார்.

"எம் பொண்ணுக்கு. அப்புறம்... கழுத்துல அடிபட்ட ஒரு கேஸுக்கு" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர்.

"பாவம். எந்த வார்டும்மா?"

"கடல்ல, பாஸ்டர்."