பஸ் ஸ்டாண்டில் நிற்கும் மருமகள்

பலசரக்குக் கடையில் துவரம்பருப்பு இல்லையென்றால் சமாளித்துவிடலாம். கடை டிவியில் நாடகம் இல்லையென்றால் முடியாது. கடையில் டிவி வைத்துச் சீரழிகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எம்.ரெட்டியபட்டிப் பக்கம் எங்கள் கடை. கைப்பிள்ளைக்காரி நான், நாலு பேரிடம் வாய் திறந்து பேச வராது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பருத்திக்காட்டு வேலை முடிந்து பெண்கள் நாடகம் பார்க்க வந்து உட்காருவார்கள். வாரத்தில் அந்த அரைமணி நேரம்தான் எனக்கும் துணை. கடைசியாகப் பார்த்தபோது, நகை திருடிவிட்டாள் என்று விரட்டப்பட்ட மருமகள், பிள்ளையும் பெட்டியுமாகப் பஸ் ஸ்டாண்டில் நின்றாள். அடுத்த வாரம் நாடகமே வரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

ஏரியல் மேல் பழி

அன்றைக்குப் பார்த்துக் காற்று. என் வீட்டுக்காரர் மாடியேறி ஏரியலைத் திருப்பிக்கொண்டிருந்தார். கீழே நாடகத்துக்குப் பதில் விவசாய நிகழ்ச்சி ஓடியது. "நிப்பாட்டிட்டாங்களாம்" என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. என் குரல் அப்படி. எதிர்வீட்டு இருளாயி அக்கா தெருவில் இறங்கி நின்று மாடியைப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளை நிக்கிற ஊருப் பக்கமாத் திருப்புங்க. நீங்க வேற ஊருக்குத் திருப்பிட்டீக."

நாற்றும் தண்ணீரும்

அதற்கடுத்த வாரமும் அதே நிகழ்ச்சி. நெல் நடவு பற்றி ஒருவர் நிதானமாக விளக்கினார். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தண்ணி லாரிக்குக் காத்திருந்த மாரியம்மா மதினிதான் கடைசி. காலிக்குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்:

"குடிக்கவே லோடு வரமாட்டேங்குது, இவரு வயல்ல தண்ணி கட்டச் சொல்றாரு. இனி எதுக்கு வாரேன்?"

மதினி போனபிறகு நானும் பிள்ளையும் டிவியும்தான்.

துட்டி கேட்க வந்தவர்

இருளாயி அக்கா சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் யாரிடமோ, "கடைக்கார வீட்டுல நல்லாப் பார்த்துக்கிட்டிருந்தோம், அந்த மருமக அப்படியே போயிருச்சு, பிள்ளை வேற கையில" என்று அங்கலாய்த்திருக்கிறார். செய்தி திருச்சுழிக்குப் போய்விட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை, என் வீட்டுக்காரரின் சின்னம்மா தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மாரில் அடித்தபடி துட்டி கேட்க வந்து இறங்கினார். நான் சீனி நிறுத்துக்கொண்டிருந்தேன். சின்னம்மாவுக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம்:

"உசுரோட இருக்கிறவ ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதா? பஸ்ஸேறுனதுலருந்து அழுதுக்கிட்டு வாரேன்."

மீதிக் கதை

அழுகைச் சத்தம் கேட்டுத் தெருவே கடைக்கு வந்துவிட்டது. "அப்ப எந்த மருமக? என்ன ஆனா?" என்று சின்னம்மா பிடித்துக்கொண்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "பஸ்ஸு வந்துச்சு, ஏறிப் போயிட்டா" என்றேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஏறி?" என்றார் மாரியம்மா மதினி.

அன்றைக்கு மாட்டிக்கொண்டேன். இப்போது டிவியை அணைத்துவிட்டு என் முன்னால் உட்காருகிறார்கள். பிள்ளை அழுதாலும் சரி, உளுந்து அளந்தாலும் சரி, கதை நிற்கக்கூடாது. ஒரு வாரம் துணிந்து, நகை அரிசிப்பானையில் கிடைத்தது, மாமியார் மன்னிப்புக் கேட்டார், சுபம் என்று முடித்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. என் மாமியார்தான் வெற்றிலையை மடித்தபடி சொன்னார்:

"மாமியாக்காரி மன்னிப்புக் கேட்டாளாக்கும். எவ நம்புவா? மறுபடி பஸ் ஸ்டாண்டுலருந்து சொல்லு."

நாடகத்தை நிறுத்தியவர்கள் தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று ஒரு பலகையைக் காட்டிவிட்டுப் போய்விடலாம். என் கடையில் தடங்கலுக்குக்கூட வழியில்லை.